கொடி சேர்ந்த மூலை

இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு தவலையுமாகக் குழாயடியிலிருந்து திரும்பிய தாஹிரா, தன் வீட்டுக்குள் தானே நுழைய முடியாமல் சந்தில் நின்றாள். வாசலை அடைத்துக்கொண்டு பெண்கள் கூட்டம். உள்ளேயிருந்து ஊதுபத்திப் புகை சுருண்டு வந்துகொண்டிருந்தது. விடிந்தால் ஞாயிறு, நாத்தனார் மலிகாவுக்கு நிக்காஹ். இந்த நேரத்தில் ஊதுபத்தியும் கூட்டமும் என்றால் நல்ல நினைப்பா வரும்?

"தொ, அவளே வந்துட்டா. வழி வுடுங்கடீ" என்றாள் ஒருத்தி. நேற்று வரைக்கும் குழாயடியில் தாஹிராவின் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்தவள் அவள். இன்றைக்கு ஓடிவந்து தவலையை வாங்கி இறக்கிவிட்டு, தாஹிராவின் ஈரக் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இன்னா ஆச்சி? யாருக்கு இன்னா ஆச்சி?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாதா? ஒங்க வூட்டு பொட்டில படைச்சவன் பேரு வந்து கீதுமே!"

பெட்டி என்றால் காகிதப் பெட்டி. அதைச் சொல்ல வேண்டுமானால் பதினெட்டு நாள் பின்னால் போகவேண்டும்.

அது நாற்பத்தொன்பதாம் வருஷம். உலகச் சண்டை முடிந்து நாலு வருஷமாகியும் அரிசிக்கும் சர்க்கரைக்கும் கார்டுதான். கலியாணமானாலும் காதுகுத்தானாலும் இத்தனை பேருக்கு மேல் பந்தி போடக்கூடாது என்று சட்டம் வேறு. போட்டால் அதிகாரி வந்து அண்டாவை எட்டிப் பார்ப்பார். ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கத்துச் சந்தில் ஒரு அறையும் ஒரு நடையும் உள்ள வீட்டில் இருந்துகொண்டு, துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டும் ரஹீம், தங்கச்சி கலியாணத்துக்கு முன்னூற்றைம்பது பேரை அழைத்துவிட்டான். பிரியாணி போட முடியாது. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பவும் முடியாது. நாலு பேரீச்சம்பழம், கொஞ்சம் கல்கண்டு, ரவையில் கிளறிய தம்ரூட் ஒரு துண்டு, இவ்வளவுதான் கொடுக்க முடியும். அதைப் பழைய பேப்பரில் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் புளியந்தோப்பு சம்பந்திகள் முகம் எப்படிப் போகும் என்பதுதான் வீட்டின் கவலை.

அப்போதுதான் ரஹீமின் பெண்டாட்டி தாஹிரா வாயைத் திறந்தாள். "காயிதத்துல பொட்டி மடிச்சி குடுத்தா இன்னா?" அவள் ரங்கூனில் பிறந்து வளர்ந்தவள். சண்டை வந்தபோது அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தவர்களில் ஒருத்தி. அங்கே பக்கத்துக் கடைச் சீனத்தி, கத்தரியும் பசையும் இல்லாமல் ஒரு தாளைப் பெட்டியாகவும் கிண்ணமாகவும் ஆக்கிக் காட்டுவாள். ரங்கூனிலிருந்து தாஹிரா கொண்டுவந்த சீதனம் அந்த மடிப்பு ஒன்றுதான்.

காகிதம் ரஹீம் கொண்டுவந்தான். துரைமார் பங்களாச் சுவரில் ஒட்டுகிற பூக்காகிதம், கப்பலில் வந்து இறங்கியிருந்தது. ஒட்டவேண்டிய துரைகள் எதிர்க்கப்பல் ஏறிப் போய்விட்டதால் கேட்பாரில்லை. ஓரம் நனைந்த ஒரு பேல் மூட்டையை ஏலத்தில் விட்டார்கள். எடுத்தவன் ரஹீமின் தோஸ்து லியாகத் அலி. கலியாணத்துக்கு என்றதும் தோளில் தூக்கிக்கொண்டு வந்தே போட்டுவிட்டான். கரும்பச்சையில் சந்தன நிறக் கொடி. கொடி முழுக்க மொட்டும் சுருளும். நனைந்த ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு தாஹிரா உட்கார்ந்தாள்.

காலையில் தரைக்காற்று அடிக்கும்போதுதான் காகிதம் விறைப்பாக நிற்கும். பகல் ஒரு மணிக்கு மேல் கடற்காற்று ஏறிவிட்டால் நமுத்துப் போய் மடிப்பு கோணும். அதனால் விடியலில் ஆப்பத்துக்கு மாவைக் கலக்கி வைத்த கையோடு உட்காருவாள், பன்னிரண்டு மணிக்கு எழுந்திருப்பாள். மடிக்குமுன் ஒவ்வொரு தாளுக்கும் வாய்க்குள் இறைவன் பேரால் ஒரு பிஸ்மி. கட்டை விரல் நகத்தால் ஓரத்தை அழுத்தி இழுத்தால் கோடு போட்டது போல் விழும். தட்டையாக மடித்து அடுக்கிவிட்டால் இடம் அடைக்காது. இரண்டு காதையும் பிடித்து இழுத்தால் பெட்டியாக எழும்பி நிற்கும். பதினெட்டு நாளில் முன்னூற்றைம்பது. எண்ணி முடித்த அன்று ரஹீம், "இன்னா கையிடி இது!" என்றான். அதற்கே அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

கலியாணத்துக்கு முந்தின நாளான இந்தச் சனிக்கிழமை காலை அவள் தண்ணீருக்குப் போன நேரத்தில், ரஹீமின் அக்கா ஷரீஃபுன்னிசா இனிப்பு நிரப்பலாம் என்று பெட்டிகளை எழுப்பி நிறுத்தியிருக்கிறாள். புருஷன் போனபின் தம்பி வீட்டோடு வந்து, அந்த வீட்டைத் தன் முந்தானையில் முடிந்து வைத்திருப்பவள் அவள். முதல் பெட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தாள் மடிந்து மூலையில் சேர்ந்த இடத்தில், இந்தப் பக்கத்துக் கொடியின் இரண்டு மொட்டும் அந்தப் பக்கத்துக் கொடியின் ஒரு மொட்டும் நிமிர்ந்து நிற்க, அவற்றின் காலில் ஒரு சுருள். அலிஃப், லாம், லாம், ஹே; சேர்த்தால் அரபியில் அல்லாஹ். ஓதப் படித்த யாரும் தடுமாறாமல் வாசித்துவிடலாம். இரண்டாவது பெட்டியிலும் அப்படியே. மூன்றாவதிலும் அப்படியே. அவள் போட்ட சத்தத்தில் சந்து கூடிவிட்டது.

தாஹிரா உள்ளே போனபோது வெள்ளைத் துணி விரித்த தாம்பாளத்தில் ஒரு பெட்டி இருந்தது. அதைச் சுற்றி ரோஜா இதழ். மருதாணி இட்ட இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு, மூக்கு அரித்தால் சொறியவும் வழியில்லாமல், மலிகா மூலையில் உட்கார்ந்து மலங்க மலங்கப் பார்த்தாள். ஷரீஃபுன்னிசாவின் கன்னத்தில் கண்ணீர்.

"பாருமே. நம்ம கலியாணத்துக்கு துவா கெடைச்சிகீது. பாரு."

தாஹிரா பார்த்தாள். ஆமாம், எழுத்து மாதிரிதான் இருந்தது. மடிக்கிறவளுக்குப் பெட்டி தலைகீழாகவே தெரியும், அதனால் இத்தனை நாளும் அவள் கண்ணில் படவில்லை. ஆனால் அது எப்படி வந்தது என்று பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

விழுங்கியது பெரிய தப்பு. பதினோரு மணிக்குச் செய்தி புளியந்தோப்பு போய்விட்டது. பன்னிரண்டுக்கு மாப்பிள்ளையின் வாப்பா அமீருதீன் ஜட்கா பிடித்து வந்து இறங்கினார். புளியந்தோப்பில் தையல் மாஸ்டர் அமீருதீன் என்றால் தெரியாதவர் கிடையாது. அவர் தைத்த கோடு போட்ட சட்டையையே போட்டுக்கொண்டு வருவார், அதுதான் அவர் கடைக்கு விளம்பரம். தொப்பியைச் சரிசெய்துகொண்டு பெட்டியைக் கையில் ஏந்தினார். மெல்ல வாசித்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ரஹீமின் எதிரில் பாயில் உட்கார்ந்தார். பெண்கள் எல்லோரும் அறையின் திரைக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

"ரஹீமு, இத்த சபைல குடுக்கக் கூடாது" என்றார்.

"ஏன் சம்மந்தி?"

"துன்னுட்டு தூக்கிப் போடுவானுங்கோ. ரோட்ல மிதிபடும், சாக்கடைல பூடும். இந்த பேரு கலீஜ்ல கெடக்கலாமா? ரெண்டு வூட்டு மேலயும் வராதா அது?"

"அப்போ பிரிச்சிடலாமா?"

"பிரிக்கிறதா! பேர பிரிக்கிறதாப்பா?" அமீருதீன் காதைப் பொத்திக்கொண்டார். "கிழிஞ்ச ஓதற தாள இன்னா பண்றோம்? கடல்ல வுடறோம். அப்டிதான். இன்னிக்கே காசிமேட்ல ஒரு கட்டுமரத்த பேசி, நடுக்கடல்ல கொண்டும் போய் வுட்டுடுங்கோ."

ரஹீம் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தான். "நாளைக்கி சபைக்கி?"

"அத்த நெனச்சி பேஜாராவாத. பொண்ணு வூட்டால முடியலன்னா இன்னா, மாப்ள வூட்ல நாங்க பாத்துக்கறோம். ராவுக்குள்ள எலை பொட்ணம் கட்டிடலாம்."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் 'பொண்ணு வூட்டால முடியலன்னா' என்ற அந்த ஒரு பேச்சு போதும். நாளைக்கு மலிகா அந்த வீட்டில் குழம்பில் உப்புக் குறைத்தாலும் அது வரும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அது வரும். கிழவியாகிற வரைக்கும் அவள் முதுகின் பின்னால் அந்தப் பேச்சு வரும். திரைக்குப் பின்னால் மலிகா சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். மருதாணிக் கையால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. தாஹிரா தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். துடைத்த வேகத்தில் அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று இல்லாத கோபம்.

"மாமா," என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து. "தாஹிரா பேசறேன். அது தானா வந்தது இல்ல. நான் சேத்தது."

"வாய மூடுமே!" ஷரீஃபுன்னிசா அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள். "படைச்சவன் வேலைய ஒன் வேலைன்றியா? ஆணவமா?"

"ஆணவம் இல்லக்கா. கொடி மூலைல ஒடைஞ்சி நின்னா எனக்கு புடிக்காது. இந்த பக்கத்து கொடி அந்த பக்கத்து கொடியோட போயி சேரணும். அதுக்கோசரம் ஒவ்வொரு தாளையும் அளவு பாத்து தள்ளித் தள்ளி வெட்டனேன். வீணாப் போன துண்டு தொ மூட்டையா கீது. வேணும்னே சேத்தேன். எழுத்தா வரும்னு நெனைக்கல, அவ்ளோதான்."

வெளியே அமீருதீன் பொறுமையாகச் சிரித்தார். "எல்லாம் அவன் செயல்மா. ஒன் கைய புட்ச்சி அவன் எழுதிகீறான்."

"அவன் செயல் இல்லாம இன்னா கீது மாமா? ஆனா அரை வெரக்கடை தள்ளி வெட்டனா எழுத்து வராது. அதுவும் அவன் செயல்தானே?"

அமீருதீன் தாடியைத் தடவினார்.

தாஹிரா வெட்டாத தாள் ஒன்றையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு திரையோரம் உட்கார்ந்தாள். சம்பந்தி முன்னால் முகம் காட்டி உட்காருவது வழக்கமில்லை. திரையின் கீழ் ஓரத்தைத் தூக்கித் தன் இரண்டு கையை மட்டும் வெளியே நீட்டினாள். கண்ணாடி வளையல் போட்ட இரண்டு கை. தண்ணீர்க் குடம் தூக்கித் தடித்த விரல்கள்.

"மொதல்ல இந்த தாள்ல எழுத்து எங்க கீதுன்னு பாருங்கோ மாமா."

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொடி, மொட்டு, சுருள். வேறொன்றும் இல்லை. தாஹிரா வாங்கி அளவு பார்த்து வெட்டி, பிஸ்மி சொல்லி மடித்து, காதை இழுத்து நிறுத்தினாள். மூலையில் எழுத்து நின்றது. இன்னொரு துண்டை அரை விரற்கடை தள்ளி வெட்டினாள். அதே மடிப்பு, அதே பெட்டி. மூலையில் மொட்டு ஒரு பக்கமும் காம்பு ஒரு பக்கமுமாக உடைந்து நின்றது. எழுத்து இல்லை.

வாசற்படியில் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு கெங்கம்மாவை அமீருதீன் கூப்பிட்டார். அவளுக்கு ஓதவும் தெரியாது, எழுதவும் தெரியாது. "யம்மா, நீ சொல்லு. இந்த மூலைல இன்னா தெரிது?"

கெங்கம்மா கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "எறா மீச மாரி கீதுங்க சாயபு."

திரைக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுதுகொண்டிருந்த மலிகாதான்.

அமீருதீன் சிரிக்கவில்லை. இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். நீலக்கோடு போட்ட சட்டை. மார்பில் பை இருப்பதே தெரியாது. சட்டையின் கோடும் பையின் கோடும் ஒன்றாகவே ஓடும். அந்தப் பையைத் தடவிக்கொண்டே ரஹீமைக் கூப்பிட்டார்.

"இங்க பாக்கெட்டு கீதா இல்லையா, சொல்லு."

"கீதா?" என்றான் ரஹீம்.

"கீது. கோடு சேர்ணும்னு ஒரு சாண் துணிய வெட்டி வீணாக்கி வெச்சேன். பாக்கறவன் எல்லாம் பாக்கெட்டே இல்லடான்னுட்டு போறான். தச்சவனுக்குதான் தெரியும்." திரையின் கீழே தெரிந்த கைகளைப் பார்த்துச் சொன்னார். "யம்மா, நீ சொல்றது மெய்தான். இது சேத்த கை."

"அப்போ பிரிக்கலாமா சம்மந்தி?" என்று ரஹீம் பயந்து பயந்து கேட்டான்.

"தையக்காரன்கிட்ட கேக்கற கேள்வியாப்பா இது? தைக்கிறதுல பாதி பிரிக்கிறதுதான்." அமீருதீன் பிஸ்மி சொல்லி, தாம்பாளத்தில் ரோஜா இதழுக்கு நடுவில் இருந்த பெட்டியை எடுத்தார். வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு மடிப்பாக எடுத்துவிட்டார். தாள் விரிந்தது. கரும்பச்சையில் சந்தனக் கொடி.

அதற்குப் பிறகு வேலைதான். ஆனால் வேலையில்தான் சிக்கல். பிரித்த தாளைத் திரும்பவும் மடித்தால் எழுத்து திரும்பவும் வரும். புதிதாக மடிக்க முன்னூற்றைம்பது தாள் கிடையாது. பழைய மடிப்பு தழும்பாகத் தெரிகிறது. தாஹிரா தாளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். ரங்கூன் சீனத்தி ஒரே தாளை இந்தப் பக்கம் மடித்தால் பெட்டி, புரட்டிப் போட்டு அதே மடிப்பை எதிர்ப்பக்கம் மடித்தால் கிண்ணம் என்று காட்டியது நினைவுக்கு வந்தது. புரட்டினாள். வெள்ளைப் பக்கம் வெளியே, கொடி உள்ளே. பழைய தழும்பிலேயே விரல் ஓடியது. விளிம்பை மட்டும் வெளியே மடக்கிவிட்டாள். வெள்ளைக் கிண்ணத்துக்குப் பச்சைக் கரை வந்துவிட்டது. மூலை என்பதே இல்லாததால் கொடியும் கொடியும் சேர வழியில்லை.

"இது அத்தவுட நல்லா கீதே!" என்றாள் மலிகா, மருதாணிக் கையை மறந்து நீட்டி.

"கைய இஸ்துக்கடி, அழிஞ்சிடும்!"

மணி ஒன்றாகியிருந்தது. கடற்காற்று ஏறி, பிரித்த தாள்கள் நமுக்க ஆரம்பித்தன. கதவையும் ஜன்னலையும் சாத்தினார்கள். அமீருதீன் ஜட்காக்காரனைப் புளியந்தோப்புக்கு விரட்டித் தன் கடை இஸ்திரிப் பெட்டியை வரவழைத்தார். நடையில் பலகை போட்டு, சம்பந்தி என்கிற கெத்தையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, தாள் தாளாகத் தேய்த்துத் திரைக்குள் தள்ளினார். உள்ளே ஒன்பது பெண்கள் பிஸ்மி சொல்லிச் சொல்லிப் பிரித்தார்கள். கெங்கம்மா வாசலிலிருந்து, "எனக்கு மீனு கை. தொட்லாமா?" என்று கேட்டாள். "சீக்கா போட்டு கழுவிகினு வா கெங்காக்கா, கை போதல" என்றாள் தாஹிரா. மடித்தது அவள் மட்டும்தான். பதினெட்டு நாள் வேலையை அரை நாளில் மடித்தாள். சூடாக வந்த தாள் விரலைச் சுட்டது. அந்தச் சூட்டில் மடிப்பு சொன்னபடி கேட்டது.

ஷரீஃபுன்னிசா மட்டும் காலியான தாம்பாளத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊதுபத்தி அணைந்துவிட்டது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை, கூப்பிடவும் பயம். நாலு மணி வாக்கில் அவளே எழுந்து வந்து தாஹிராவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"மெய்யாலுமே அளவு பாத்து சேத்தியா?"

"ஆமாக்கா."

"முன்னூத்தம்பதுலயும்?"

"ஆமா."

ஷரீஃபுன்னிசா தாஹிராவின் விரல் நகத்தைப் பார்த்தாள். கட்டை விரல் நகம் தேய்ந்து சதையோடு சேர்ந்திருந்தது. "பதினெட்டு நாளா என் எதிர்லதான் குந்திகினு மடிச்சே," என்றாள். "நான் பாக்கவேயில்லையேடி." பிறகு இஸ்திரி போட்ட தாள்களை வாங்கி, ஒவ்வொன்றாக தாஹிராவின் கைக்கு எட்டுகிற மாதிரி வைக்க ஆரம்பித்தாள். இருட்டுவதற்குள் முன்னூற்றைம்பது கிண்ணமும் நின்றுவிட்டன.

மறுநாள் நிக்காஹ் ஓதி முடிந்ததும் ரஹீமும் லியாகத் அலியும் தாம்பாளம் தாம்பாளமாக எடுத்துக்கொண்டு சபையில் நுழைந்தார்கள். பச்சைக் கரை போட்ட வெள்ளைக் கிண்ணத்தில் பேரீச்சம்பழமும் கல்கண்டும் தம்ரூட்டும். வந்த ஆண்கள் தின்றுவிட்டுக் கிண்ணத்தை எறிய மனமில்லாமல் சட்டைப்பைக்குள் வைக்கப் பார்த்தார்கள். அமீருதீன் வாசலில் நின்றுகொண்டு, "பொண்ணு வூட்ல மடிச்சது, பொண்ணு வூட்ல மடிச்சது" என்று வந்தவர் போனவருக்கெல்லாம் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்.

பெண்கள் பக்கம்தான் ஏமாற்றம். எழுத்தைப் பார்க்கவென்றே வண்ணாரப்பேட்டையிலிருந்தும் தண்டையார்ப்பேட்டையிலிருந்தும் சொல்லாமல் கொள்ளாமல் வந்தவர்கள் இருபது பேர். கிண்ணத்தைத் திருப்பினார்கள், உள்ளே எட்டிப் பார்த்தார்கள், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்கள்.

"இன்னாக்கா இது, ஒண்ணையும் காணோம்? பொட்டில எழுத்து வந்து கீதுன்னாங்களே. எங்க போச்சி?" என்று ஒருத்தி ஷரீஃபுன்னிசாவைப் பிடித்துக்கொண்டாள்.

தாஹிரா சட்டென்று நிமிர்ந்தாள். அக்கா என்ன சொல்வாளோ என்று அவள் வாயையே பார்த்தாள்.

ஷரீஃபுன்னிசா அவசரப்படவில்லை. வாயில் இருந்த கல்கண்டை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டாள். எட்டி, தாஹிராவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அந்தத் தேய்ந்த நகத்தை வந்தவள் மூக்குக்கு நேரே காட்டினாள்.

"பொட்டில எங்கடி வந்துது? இங்கருந்து வந்துது. எங்க வூட்டு பொண்ணு கை. நல்லா பாத்துக்கோ."

வந்தவள் நிஜமாகவே குனிந்து பார்த்தாள். தாஹிரா கையை இழுத்துக்கொள்ளவில்லை. பார்க்கட்டும் என்று அப்படியே வைத்திருந்தாள்.